“லைனை நிறுத்துங்கள்” என்று சொல்லும் உரிமை யாருக்கு?

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, வட மாவட்டம் ஒன்றில் ஒரு காலனிக்குப் போயிருந்தோம். வீட்டுமனைப் பட்டா தொடர்பான வேலை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு தம்பி ஏணியில் நின்று பழைய மீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். காலில் ரப்பர் செருப்பு. கையில் கட்டிங் பிளேயர். அதன் கைப்பிடி உறை கிழிந்துபோய் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. கையுறை இல்லை. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“லைனை நிறுத்தலையா தம்பி?” என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

“நிறுத்தச் சொல்றதுக்கு நான் யாருக்கா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் ஆறு வருடமாக இந்த வேலை செய்கிறார். ஒப்பந்ததாரருக்குக் கீழ் இருக்கும் இன்னொருவரிடம் கூலி. ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. அந்தக் காலனியிலேயே பிறந்து வளர்ந்தவர். “நான் யாரு” என்ற அவருடைய கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத முயல்கிறோம்.

அந்த ஏணியில் என்ன ஆபத்து?

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். புரியாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் அது வெறும் அறிவுரை ஆகிவிடும்.

வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்தால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நாம் நினைக்கிறோம். வீட்டுக்குள் நின்றுவிடும், ஆனால் மீட்டரில் நிற்காது. கம்பத்திலிருந்து வரும் ஒயர் நேராக மீட்டருக்குத்தான் வருகிறது. மெயின் சுவிட்ச் அதற்குப் பிறகு இருக்கிறது. ஆக, மீட்டரின் உள்வரும் முனையில் எப்போதும் 230 வோல்ட் இருக்கும். அதை நிறுத்த வேண்டுமென்றால் கம்பத்தில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், அல்லது டிரான்ஸ்ஃபார்மரில் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்துவதற்கு முறைப்படி அனுமதி பெறுவதைத்தான் தொழிலாளர்கள் ‘எல்.சி. வாங்குவது’ என்கிறார்கள்.

எல்.சி. வாங்க நேரமாகும். ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. தெருவே இருட்டாகிவிட்டது என்று நாலு பேர் போன் செய்வார்கள். அந்தப் பேச்சையும் இவர்தான் வாங்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்துதான் அவரை ஓடுகிற லைனில் கை வைக்கச் சொல்கிறது. அலட்சியம் என்று நாம் பெயர் வைக்கிறோம். கூலி முறையின் பெயரைச் சொல்வதில்லை.

அந்தத் தம்பி சொன்ன இன்னொரு விஷயம் எங்களைத் தூங்கவிடவில்லை. ஊர்த் தெருவிலும் அவர் மீட்டர் மாற்றப் போகிறார். “மீட்டர் வெளித் திண்ணையில இருக்கும். மெயின் சுவிட்ச் உள்ளே இருக்கும். இன்வெர்ட்டரும் உள்ளே. நம்மள உள்ளே விடமாட்டாங்க. அவங்க ‘அணைச்சிட்டேன்’னு சொன்னா நம்பணும்.”

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். மெயின் அணைக்கப்படாமல் இருந்தால், மிக்ஸியோ மோட்டாரோ ஓடிக்கொண்டிருக்கும்போது முனையைக் கழற்ற வேண்டிவரும், தீப்பொறி பறக்கும். இன்வெர்ட்டர் சரியாகப் பொருத்தப்படாத வீடாக இருந்தால், கம்பத்தில் இணைப்பைத் துண்டித்த பிறகும் வீட்டுப் பக்கத்திலிருந்து மின்சாரம் திரும்பி வரலாம். உள்ளே போய்ப் பார்த்து, சோதனை விளக்கை வைத்து உறுதிசெய்வது பாதுகாப்பின் முதல் படி. தீண்டாமை அந்தப் படியைத்தான் மறிக்கிறது.

மன்மாடில் பேசப்பட்ட கேங்மேன்

1938 பிப்ரவரியில் மராட்டியத்தின் மன்மாடில், கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயில் வேலை செய்த ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர்களின் மாநாடு நடந்தது. தலைமை வகித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளர்களின் இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது இந்த உரையில்தான். அந்த வரியை நாம் எல்லோரும் மேடையில் சொல்கிறோம். அதே உரையில் அவர் தண்டவாளத்து வேலையைப் பற்றிச் சொன்ன விவரங்களை அதிகம் சொல்வதில்லை.

தீண்டப்படாத தொழிலாளி கேங்மேனாகச் சேர்கிறார், கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார் என்றார் அம்பேத்கர். அவரால் ரயில்வே போர்ட்டராகக்கூட ஆக முடியாது. ஏன் தெரியுமா? ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலையையும் போர்ட்டரிடம் வாங்குவார். தீண்டப்படாதவரை வீட்டுக்குள் விட முடியாது, ஆகவே போர்ட்டர் வேலையும் கிடையாது. ரயில்வே பட்டறைகளிலும் அதே கதை. அங்கே கூலியாக இருக்கலாம், மெக்கானிக்காக உயர முடியாது.

பம்பாய்ப் பஞ்சாலைகளிலும் இப்படித்தான் இருந்தது. கூலி கூடுதலாகக் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. அங்கே நூலை வாயால் தொட வேண்டிவரும், எச்சில் படும் என்பது சொல்லப்பட்ட காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போதே அம்பேத்கர் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்.

இந்த மூன்றிலும் ஒரே சூத்திரம்தான் இருக்கிறது. உடல் உழைப்பைத் தரும் வேலைக்கு நாம் வேண்டும். நுட்பம் கற்றுத்தரும் வேலையின் வாசலில் சாதி நிற்கும். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வாசல், பட்டறை வாசல், நெசவுக்கூட வாசல். நம் தம்பி நிற்கும் திண்ணையும் அந்த வரிசையில்தான் வருகிறது.

அம்பேத்கர் இதைப் பேசியதோடு விடவில்லை. 1942-இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்த ஆண்டே பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராயிடம் மனு கொடுத்தார். கலைப் படிப்புக்கு மட்டும் உதவி போதாது, அறிவியல் தொழில்நுட்பப் படிப்புக்கும் உதவி வேண்டும், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநராகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943-இல் பொதுப்பணி, மின்சக்தி தொடர்பான கொள்கைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில்வளர்ச்சி இல்லை, தொழில்வளர்ச்சி இல்லாமல் வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்பது அவருடைய வாதம். மின்சாரமும் தொழிற்கல்வியும் அவர் பார்வையில் ஒரே விடுதலைத் திட்டத்தின் இரண்டு கைகள்.

கம்பி ஊருக்கு வந்தது, சேரிக்கு?

சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் அதன் பின்னால் வந்தது. 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் உருவானது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோவதில் பாசன மோட்டார்களுக்கு முதலிடம் கிடைத்தது. மோட்டார் யாரிடம் இருந்தது? கிணறு வைத்திருந்தவரிடம். கிணறு யாரிடம் இருந்தது? நிலம் வைத்திருந்தவரிடம். கம்பி நிலத்தைத் தேடிப் போனது, நிலமில்லாதவர் குடியிருப்பு கம்பிக்குக் காத்திருந்தது.

அரசின் வரையறையே இதற்கு இடம் கொடுத்தது. 1997 அக்டோபர் வரை, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால், அது மின்வசதி பெற்ற கிராமம். அதாவது வயலில் ஒரு மோட்டார் ஓடினால் போதும், ஒரு வீட்டில்கூட விளக்கு எரிய வேண்டியதில்லை. 1997-இல் குடியிருப்புப் பகுதியில் பயன்பட வேண்டும் என்று மாற்றினார்கள். 2004-இல்தான், மின்மாற்றியும் மின்கம்பிகளும் ஊர்க் குடியிருப்பில் மட்டுமல்ல, தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் இருக்க வேண்டும் என்று வரையறையில் எழுதினார்கள். சுதந்திரம் கிடைத்து 57 ஆண்டுகள் கழித்து, கிராமம் என்றால் சேரியும் சேர்ந்தது என்று ஒரு அரசாணைக்குத் தெரிய வந்தது.

இடையில் வந்தது ஒற்றை விளக்கு. ஒன்றிய அரசின் குடீர் ஜோதித் திட்டம் 1988-89-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் குடிசைகளுக்கு மீட்டர் இல்லாத இலவச ஒரு விளக்கு இணைப்பு கிடைத்தது. அந்த வெளிச்சத்தில் படித்து வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அதன் அருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாங்கள் பார்த்த பல வீடுகளில் அந்த இணைப்போடு எர்த் வரவில்லை, முறையான மெயின் சுவிட்சும் வரவில்லை. ஒரு பல்புக்கு இழுத்த ஒயரில் பின்னாளில் மின்விசிறி சேர்ந்தது, தொலைக்காட்சி சேர்ந்தது. 2003 மின்சாரச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, மீட்டர் இல்லாமல் மின்சாரம் வழங்கக் கூடாது என்றது. அப்போது மீட்டர் மாட்ட வந்தவர்கள் அந்தப் பழைய ஒயரில்தான் மாட்ட வேண்டியிருந்தது.

கைக்குத் தெரிந்ததும் காகிதத்தில் உள்ளதும்

சட்டம் பலவீனமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இந்திய மின்சார விதிகள், 1956. அதன் 45-ஆம் விதி, மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் நேரடியாக மேற்பார்வை செய்ய வேண்டும், அனுமதி பெற்றவர்தான் கை வைக்க வேண்டும் என்றது. 36-ஆம் விதி இன்னும் தெளிவு. மின்பாதையில் வேலை செய்பவருக்குக் கையுறை, ரப்பர் காலணி, பாதுகாப்பு பெல்ட், ஏணி, எர்த் செய்யும் கருவி, தலைக்கவசம், லைன் டெஸ்டர் போன்றவை கொடுக்கப்பட வேண்டும். அதிகாரம் பெறாத எவரும் ஓடுகிற லைனில் வேலை செய்யக் கூடாது. 2010-இலும் 2023-இலும் விதிகள் புதிதாக எழுதப்பட்டபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

ஆக, அந்தத் தம்பி ஏணியில் நின்ற விதம் 1956-இலிருந்தே சட்டவிரோதம். சட்டத்தை மீறியவர் அவர் அல்ல, அவரை ஏற்றியவர்கள்.

அவருக்குத் திறமை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பேஸ் எது, நியூட்ரல் எது என்று தவறாமல் பார்க்கிறார். அது மாறிவிட்டால் ஒற்றைமுனை சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும், அணைத்த பிறகும் பிளக்கில் ஷாக் இருக்கும் என்று எங்களுக்கு விளக்கினார். முனைத் திருகைத் தளர்வாக விட்டால் சூடேறி மீட்டர் கருகிவிடும் என்று சொல்லி, கழற்றிய பழைய மீட்டரின் கருகிய அடிப்பகுதியைக் காட்டினார். ஆறு வருடத்தில் அவர் கை கற்றது இது. அதற்கு அவரிடம் இருக்கும் சான்று அந்தக் கை மட்டும்தான்.

தமிழ்நாட்டில் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் எழுதலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தை ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். தம்பி தன் மேலாளிடம் கேட்டிருக்கிறார். “உனக்கு எழுதிக் கொடுத்தா, நாளைக்கு நீ என்கிட்ட வேலை செஞ்சேன்னு அதையே காட்டுவ” என்று பதில் வந்திருக்கிறது.

அந்த ஒரு வரிதான் முழுக் கதையும். திறமைக்கான சான்றும் வேலைக்கான சாட்சியும் ஒரே காகிதம். சாட்சி இருக்கக் கூடாது என்பதால் சான்றும் கிடையாது. சான்று இல்லாததால் “லைனை நிறுத்து” என்று சொல்லும் தகுதியும் கிடையாது. பாதுகாப்பு என்றால் கையுறையும் பெல்ட்டும் மட்டும் என்று நினைக்கிறோம். அவை கட்டாயம் வேண்டும். ஆனால் கையுறைக்கும் முன்னால் வேண்டியது, மறுத்துப் பேசும் நிலை.

ஒப்பந்தம் என்கிற திரை

1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1981-இல் தமிழ்நாடு அரசு, 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இவற்றையும் தாண்டி, மின் வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. நீதிபதி காலித் ஆணையம் 1990-களின் தொடக்கத்தில் விசாரித்து, சுமார் 18,000 ஒப்பந்தத் தொழிலாளர்களை அடையாளம் கண்டு, பணியில் எடுக்கப் பரிந்துரைத்தது. அது தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற வெற்றி. பிறகும் புதிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஒரு வாசல் திறக்கும்போது பின்பக்கம் இன்னொரு வரிசை உருவாகிறது.

2019-இல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் 5,000 பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், கம்பம் ஏறும் உடற்தகுதித் தேர்வு உண்டு. அந்தப் பதவியின் பெயர் கேங்மேன். மன்மாடில் அண்ணல் பேசி 81 ஆண்டுகள். தண்டவாளம் மின்கம்பமாக மாறியிருந்தது, பெயர் மாறவில்லை. அரசு வேலை கிடைத்த மகிழ்ச்சி அந்தக் குடும்பங்களுக்கு நியாயமானது. பணியில் சேர்ந்தவர்கள் கள உதவியாளராக மாற்றக் கோரிப் போராடினார்கள். குழி தோண்டிக் கம்பம் நடத்தான் எடுத்தார்கள், கம்பத்தின் மேலும் வேலை வாங்குகிறார்கள், அந்த வேலைக்கான பதவியைத் தருவதில்லை என்பது அவர்கள் வாதம். நெசவுக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வாதமும் இதுதான்.

அடுத்த கட்டம் தொடங்கிவிட்டது. ஒன்றிய அரசு 2021-இல் அறிவித்த மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தின் இலக்கு நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர். விலை, தனியார்மயம், முன்பணம் பற்றி நிறைய விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். 25 கோடி மீட்டர் என்றால் 25 கோடி முறை யாரோ ஒருவர் ஒரு முனையைக் கழற்றி மாட்ட வேண்டும். அந்த யாரோ ஒருவரைப் பற்றிய விவாதத்தை நாம்தான் தொடங்க வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கைகளில் மின்சாரம் தாக்கி இறந்தவர்களின் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் 12,000-ஐத் தாண்டுகிறது. வயலில் இறந்தவர், வீட்டில் இறந்தவர், ஏணியில் நின்று இறந்தவர் எல்லாரும் அந்த ஒரு எண்ணுக்குள் போய்விடுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

மாணவர்களே, தோழர்களே, இதைப் படித்து வருத்தப்படுவதோடு முடித்துவிட வேண்டாம். உங்கள் பகுதியில் செய்யக்கூடியவை இவை.

ஒன்று. உங்கள் காலனியில் வயரிங், மீட்டர், லைன் வேலை செய்யும் இளைஞர்களின் பட்டியலை எடுங்கள். எத்தனை வருட அனுபவம், யாரிடம் வேலை, சான்று உண்டா என்று எழுதுங்கள். வேலை செய்த தேதி, இடம், கூலி வந்த வங்கிக் கணக்கு விவரம், வேலைத்தளப் படங்கள் எல்லாவற்றையும் அவர்கள் கைப்பேசியில் சேமிக்கச் சொல்லுங்கள். இன்று அது சாதாரணப் படம், நாளைக்குச் சாட்சி.

இரண்டு. உதவியாளர் தேர்வு அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் நிரப்ப உட்காருங்கள். பட்டம் படித்த நமக்கு அரை மணி நேர வேலை. அவர்களுக்கு அது ஆறு வருடத்தின் அங்கீகாரம்.

மூன்று. உங்கள் வீட்டுக்கு மீட்டர் மாற்ற வந்தால், “எல்.சி. வாங்கியாச்சா?” என்று நீங்கள் கேளுங்கள். வந்தவரிடம் அல்ல, அவரை அனுப்பியவரிடம். ஒரு மணி நேரம் மின்விசிறி ஓடாவிட்டால் பரவாயில்லை. வீட்டுக்குள் அழைத்து மெயினைக் காட்டுங்கள், தண்ணீர் கொடுங்கள்.

நான்கு. விபத்து நடந்துவிட்டால், “அவர் எங்கள் ஆள் இல்லை” என்ற சொல்லை நம்பாதீர்கள். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலேயே 12-ஆம் பிரிவு, ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்கினாலும் முதன்மை முதலாளிக்கு இழப்பீடு தரும் பொறுப்பு உண்டு என்றது. 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தக் கொள்கை தொடர்கிறது. முதல் தகவல் அறிக்கையில் அவர் என்ன வேலையில், யார் சொல்லி இருந்தார் என்பது பதிவாக வேண்டும். மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் சில நாட்களில் ஏணியும் ஒயரும் இடம் மாறிவிடும், ஆகவே படம் எடுப்பது முதல் வேலை.

போன மாதம் அந்தக் காலனிக்கு மறுபடி போனோம். தம்பி ஒரு நல்ல டெஸ்டரும், முழு உறை உள்ள பிளேயரும் சொந்தக் காசில் வாங்கியிருந்தார். அவருடன் முன்பு வேலை பார்த்த, மேற்பார்வையாளர் சான்று பெற்ற பெரியவர் ஒருவரை நாங்கள் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறோம். அனுபவச் சான்று தர அவர் யோசிக்கிறார், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தேர்வு அறிவிப்பு வருவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருக்கிறோம். இதே அலைச்சலில் இருக்கும் தோழர்கள் எழுதுங்கள். சேர்ந்து அலைவோம்.

ஜெய்பீம்.